எக்ஸிட் போர்டும் எமர்ஜென்சி லைட்டும் ஒரே பெட்டியில்: பெங்களூர்க் கட்டடங்களுக்குச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி

பி.வி.கே. ஐயங்கார் ரோட்டிலோ எஸ்.பி. ரோட்டிலோ ஒரு கடையில் போய் நின்று "எக்ஸிட் காம்போ வேணும்" என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி "எத்தனை பீஸ்?" என்பதுதான். அதற்குப் பதில் வைத்திருக்கிறீர்கள், ஆனால் எங்கே மாட்டப் போகிறீர்கள், அங்கே தரையில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும், எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், தயவுசெய்து வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். கட்டடத்தை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு மறுநாள் போகலாம்.

காம்போ என்பது பச்சைப் பலகையும், அதன் பக்கத்திலோ கீழேயோ இரண்டு சின்ன லைட் தலைகளும், உள்ளே ஒரு பேட்டரியும் சேர்ந்த பெட்டி. அது இரண்டு வேலை செய்கிறது. பலகை தூரத்தில் இருப்பவருக்கு வழி எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும். லைட் கிட்டே வந்தவருக்குக் கால் வைக்கும் தரையைக் காட்ட வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே இடம் பொருந்தும் என்று நாமாகவே முடிவு செய்துகொள்கிறோம், பெரும்பாலான கட்டடங்களில் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. காம்போ நல்ல பொருள்தான், ஆனால் இரண்டு வேலையும் ஒரே இடத்தில் விழும் இடங்களுக்கு மட்டும். மற்ற இடங்களில் பலகை தனி, லைட் தனி.

2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். மேல் மாடிகளை நிறைத்தது புகை. மாடிப்படி வழியாக இறங்க முடியாமல் ஜன்னலுக்குப் போனவர்கள் இருந்தார்கள், அங்கிருந்து குதித்தவர்களும் இருந்தார்கள். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்த வழக்கிலும், அரங்கில் அவசர விளக்கும் வெளியேறும் வழி காட்டும் விளக்கும் எரியாதது பெரிதாகப் பேசப்பட்டது. இந்த ஊரில் கோரமங்களா மாடி ஹோட்டல்களிலும், பீன்யா பட்டறைகளிலும், பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் ஃபேக்டரிகளிலும் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அந்தக் கட்டடங்களைப் பராமரிக்கும் எலக்ட்ரீஷியன்களிலும் சூப்பர்வைசர்களிலும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதைத் தமிழில் விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: பிளானை எடுத்துக்கொண்டு நடங்கள்

மாடி மாடியாக ஃப்ளோர் பிளானைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுங்கள். பச்சைப் பேனா ஒன்று, ஆரஞ்சுப் பேனா ஒன்று. கதவிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து, அங்கிருந்து எழுந்து, கட்டடத்தை விட்டு முழுமையாக வெளியே, ரோட்டுப் பக்கம் ஆட்கள் கூடும் இடம் வரைக்கும் நடக்க வேண்டும். கீழ்த்தளக் கதவோடு நிறுத்திவிடாதீர்கள். கதவைத் திறந்து வெளியே வந்ததும் இரண்டு படியும் ஒரு ஜெனரேட்டர் மேடையும் இருட்டில் கிடந்தால், அங்கே ஒருவர் விழுவார், பின்னால் வருபவர்கள் அவர்மேல் விழுவார்கள்.

நடக்கும்போது "இப்போது எந்தப் பக்கம் போவது?" என்று ஒரு புது ஆளுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் பச்சைப் புள்ளி வையுங்கள். அது பலகைக்கு. "இங்கே கால் தடுக்கும், இங்கே ஏதாவது ஒன்றைத் தேடிக் கையால் பிடிக்க வேண்டும்" என்ற இடத்தில் எல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. அது வெளிச்சத்துக்கு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அதன் நான்காம் பகுதி, வெளிச்சம் எங்கே எங்கே வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: நடைபாதைகள் சந்திக்கும் இடம், திரும்பும் இடம், வெளியேறும் கதவு ஒவ்வொன்றும், மாடிப்படியின் ஒவ்வொரு அடுக்கிலும் நேரடியாக வெளிச்சம் விழும்படி, தரை மட்டம் மாறும் இடம், கடைசிக் கதவுக்கு வெளியே, ஃபயர் அலாரம் அழுத்தும் பெட்டி, தீயணைப்பான் மற்றும் ஹோஸ் ரீல் பக்கத்தில். பக்கத்தில் என்றால் தரையளவில் 2 மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலில் பலரும் விட்டுவிடுவது மாடிப்படி. கதவுக்கு மேலே காம்போ மாட்டிவிடுகிறார்கள், கதவைத் திறந்தால் உள்ளே இருட்டுக் கிணறு. ஒவ்வொரு அடுக்குக்கும், ஒவ்வொரு லேண்டிங்குக்கும் லைட் வேண்டும். படிக்கட்டில் பலகைக்கு அவ்வளவு வேலை இல்லை, கீழே போவதைத் தவிர வேறு வழி இல்லையே. ஆனால் எந்த மாடி என்று காட்டும் எண் பலகை லேண்டிங் சுவரில் இருக்க வேண்டும், அந்த எண்மேல் வெளிச்சமும் விழ வேண்டும். அப்புறம் ஜெனரேட்டர் அறை, பம்ப் அறை, எலக்ட்ரிகல் பேனல் அறை. எல்லோரும் ஓடி வெளியே வரும்போது ஒருவர் அங்கே உள்ளே போய் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

நடக்கும் நேரத்திலேயே கதவுகளையும் பாருங்கள். ஐ.டி. கம்பெனிகளில் கார்டு தட்டினால்தான் திறக்கும் காந்தப் பூட்டு இருக்கும். ஃபயர் அலாரம் அடித்ததும் அது தானாக விட வேண்டும், கரண்ட் போனாலும் விட வேண்டும். பூட்டிய கதவுக்கு மேலே பச்சைப் பலகை எரிவது, பலகையே இல்லாததை விட ஆபத்து, ஏனென்றால் அது ஆட்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறது. அதேபோல் லிஃப்ட் பக்கம் அம்பு காட்டும் பலகை எங்காவது இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

வாடகைக் கட்டடம் என்றால் இன்னொன்று. உங்கள் மாடிக்கு நீங்கள் பொறுப்பு, படிக்கட்டு ஓனர் பொறுப்பு என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது இரண்டு பேரும் எதிராளி பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். எது யாருடையது என்று எழுத்தில் வாங்கிவிட்டு மேலே போங்கள்.

இரண்டாம் படி: காம்போ எங்கே, தனித்தனி எங்கே

இப்போது பிளானைப் பாருங்கள். பச்சைப் புள்ளியும் ஆரஞ்சுப் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் அங்கே காம்போ. பெரும்பாலும் அது வெளியேறும் கதவுகளின் தலைமாடு, சின்ன நடைபாதை திரும்பும் மூலை, சின்னக் கடை, கிளினிக், டியூஷன் சென்டர் மாதிரி ஒற்றை அறைகளின் வாசல். ஒரே பெட்டி, ஒரே வயர், ஒரே பேட்டரி, சோதிக்க ஒரே பட்டன்; இங்கெல்லாம் காம்போ செலவையும் குறைக்கும், பராமரிப்பையும் எளிதாக்கும்.

பெரிய ஹாலில் நடுவே தொங்கும் பலகைக்குக் காம்போ வேண்டாம். அது தூரத்திலிருந்து தெரிய வேண்டும், இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்; அந்த உயரத்திலிருந்து சின்னத் தலைகள் தரைக்கு அனுப்பும் வெளிச்சம் போதாது. நீளமான நடைபாதையில் நடுநடுவே பலகை தேவையில்லை, லைட் மட்டும் தேவை. இங்கெல்லாம் காம்போவை வரிசையாக மாட்டினால் பச்சைப் பலகைகள் எண்ணிக்கையில் பெருகி, உண்மையான கதவு எது என்பதே குழம்பிவிடும். மாடிப்படிக்கும் தனி லைட்தான் நல்லது.

பெரிய கட்டடங்களில் எல்லா லைட்டுக்கும் ஒரே இடத்தில் பெரிய பேட்டரி வைக்கும் முறையும் உண்டு. பராமரிப்பு எளிது, ஆனால் அங்கிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் போகும் கேபிள் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே பேட்டரி இருக்கும் வகையில், வரும் வயர் கருகினாலும் லைட் எரியும். நூறு பேர், இருநூறு பேர் வேலை செய்யும் சாதாரண ஆபீஸ் மாடிக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: தரையில் எத்தனை லக்ஸ்

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள், பணமும் உயிரும் வீணாவது இங்கேதான்.

நம் விதித்தொகுப்பு, வெளியேறும் வழியின் நடுக்கோட்டில், தரை மட்டத்தில், குறைந்தது 10 லக்ஸ் கேட்கிறது. லக்ஸ் என்பது ஒரு பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதன் அளவு. 2 மீட்டர் வரை அகலமான பாதையில், அகலத்தின் பாதிக்குக் குறைந்தது 5 லக்ஸ். ஐரோப்பியத் தரமான இஎன் 1838 நடுக்கோட்டில் கேட்பது 1 லக்ஸ்தான். இங்கே விற்கும் பல பெட்டிகளின் கேட்லாக்கில் "இவ்வளவு உயரத்தில் மாட்டினால் இவ்வளவு இடைவெளி விடலாம்" என்று ஒரு அட்டவணை இருக்கும். அது எத்தனை லக்ஸுக்குக் கணக்குப் போட்டது என்று பாருங்கள். 1 லக்ஸுக்குப் போட்ட அட்டவணையை வைத்து நம் ஊரில் லைட் மாட்டினால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கணக்கு போட்டே காட்டுகிறேன். லைட் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக 100 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் வலிமை) அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் கீழே தரையில் 100ஐ 2.5இன் வர்க்கத்தால் வகுத்தால் 16 லக்ஸ். அங்கிருந்து 2.5 மீட்டர் தள்ளிப் போனால் தூரமும் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது, சுமார் 5.7 லக்ஸ் ஆகிவிடுகிறது. 5 மீட்டர் தள்ளினால் 1.4. 7 மீட்டர் தள்ளினால் 0.6. ஆக, இரண்டு லைட்டுக்கு நடுவே 5 மீட்டர் இடைவெளி விட்டால், நடுப்புள்ளியில் இரண்டும் சேர்ந்து சுமார் 11 லக்ஸ், சரி. அதையே 14 மீட்டர் இடைவெளியில் மாட்டினால் நடுவில் சுமார் 1.2 லக்ஸ்; கேட்லாக்கின்படி பாஸ், நம் விதிப்படி ஃபெயில். ஒரே லைட்தான், இடைவெளி மட்டும்தான் மாறியது. உண்மையான லைட்டுகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அனுப்பாது, லென்ஸ் வைத்து நீளவாக்கில் பரப்பும் வகைகளும் உண்டு, ஆகவே உங்கள் எண்கள் மாறும். ஆனால் மாறும் விதம் இதுதான்.

அதனால் "3 வாட் தலை, 5 வாட் தலை" என்று வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பேட்டரியில் ஓடும்போது எத்தனை லூமன் (லைட் மொத்தமாக வெளியிடும் ஒளியின் அளவு) என்று கேளுங்கள். சில பெட்டிகள் கரண்டில் ஒரு அளவும் பேட்டரியில் அதைவிடக் குறைவாகவும் எரியும், பெட்டிமேல் பெரிய எண்ணைத்தான் போட்டிருப்பார்கள். நல்ல கம்பெனி என்றால் ஒளி பரவும் விதத்தைக் காட்டும் கம்ப்யூட்டர் ஃபைலைக் கொடுக்கும், அதை டயாலக்ஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேரில் போட்டு உங்கள் பிளானிலேயே லக்ஸ் பார்த்துவிடலாம். அந்த ஃபைலைக் கொடுக்க முடியாத கம்பெனியின் இடைவெளி அட்டவணையை நான் நம்ப மாட்டேன்.

உயரம்: தரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர், அதற்குமேல் முடிந்த அளவு தாழ்வாக. புகை கூரையில் சேர்ந்து அங்கிருந்து கீழே இறங்கும்; ஃபால்ஸ் சீலிங்கோடு ஒட்டி மாட்டிய லைட்தான் முதலில் மறையும். தலைகளைத் திருப்பி வைக்கும் வசதி இருந்தால் தரையைப் பார்த்துத் திருப்புங்கள். ஓடி வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும் லைட், புகையில் வெள்ளைத் திரையாகிவிடும்.

இன்னொரு விதியையும் மறக்க வேண்டாம்: ஒரு லைட் கெட்டுப்போனாலும் அந்த இடம் முழு இருட்டாகக் கூடாது. நீளமான பாதையில் ஒன்றே ஒன்று வைப்பதைத் தவிருங்கள். பெரிய ஒன்றை விடச் சின்ன இரண்டு எப்போதும் மேல்.

நான்காம் படி: பலகை

நிறம் பச்சை, படம் ஓடும் மனிதன். பாதுகாப்புக் குறியீடுகளுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 7010இல் இருக்கும் படம் அது. சிவப்பில் எக்ஸிட் என்று எழுதிய அமெரிக்க பாணிப் பெட்டிகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். நம் ஊரில் சிவப்பு என்றால் தீயணைப்புச் சாமான், அல்லது 'போகாதே'. பெங்களூரில் ஒரே மாடியில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுபவர்கள் இருப்பார்கள், எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். எழுத்து மட்டும் உள்ள பலகை அவர்களில் பாதிப் பேருக்கு வெறும் பச்சை வெளிச்சம். படம் கட்டாயம், அதன் பக்கத்தில் கன்னடமும் ஆங்கிலமும் சேர்ந்தால் நல்லது.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு. உள்ளிருந்து எரியும் பலகையில், படத்தின் உயரத்தை 200ஆல் பெருக்கினால் எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பது கிடைக்கும். 100 மி.மீ. படம் என்றால் 20 மீட்டர், 150 மி.மீ. என்றால் 30 மீட்டர். வெளியிலிருந்து லைட் அடித்துத் தெரியும் பலகைக்கு இதில் பாதிதான், 100ஆல் பெருக்க வேண்டும். பெருக்க வேண்டியது படத்தின் உயரத்தை, பெட்டியின் உயரத்தை அல்ல. காம்போ பெட்டிகளில் இது முக்கியம், பெட்டி பெரிதாக இருக்கும், தலைக்கும் பேட்டரிக்கும் இடம் விட்டுப் படம் 80 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கும். அப்படியானால் 16 மீட்டர்தான். டேப் எடுத்து அளந்து பாருங்கள்.

அம்பு: வாங்கும்போதே இடது, வலது, நேர் என்று எத்தனை எத்தனை வேண்டும் என்று பிளானிலிருந்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மாட்டும் நாளில் அம்பு பொருந்தாமல் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டி வைத்த பலகைகளை இந்த ஊரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஓடும் மனிதன் ஒரு பக்கம், அம்பு எதிர்ப்பக்கம்.

பலகை எப்போதும் எரிய வேண்டும், கரண்ட் போனால் மட்டும் எரியும் வகை வேண்டாம். தினமும் கண்ணில் படும் பலகைதான் அவசரத்தில் நினைவுக்கு வரும். காம்போ வாங்கும்போது "பலகை எப்போதும் எரியும், தலைகள் கரண்ட் போனால் மட்டும்" என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர்கள், தரையோரமும் படிக்கட்டு விளிம்பிலும் ஒட்ட அருமையானவை, புகை மேலே இருக்கும்போது கீழே குனிந்து போகிறவருக்கு அவைதான் துணை. ஆனால் அவை பகலில் வெளிச்சம் வாங்கித்தான் இரவில் ஒளிரும், எப்போதும் அணைந்தே கிடக்கும் படிக்கட்டில் ஒட்டிப் பயனில்லை. தரைக்கு வெளிச்சமும் அவை தராது.

ஐந்தாம் படி: பேட்டரி

சின்ன இடமானாலும் 90 நிமிடம் எரிய வேண்டும் என்பது விதி. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெட்டிகளின் விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, அதனால் கடையிலேயே கணக்குப் போடுங்கள், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

இரண்டு தலை தலா 3 வாட், பலகை 2 வாட், மொத்தம் 8 வாட். உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் தின்னும், 85 சதவீதம்தான் லைட்டுக்குப் போகிறது என்றால் பேட்டரியிலிருந்து சுமார் 9.4 வாட் இழுக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு 14 வாட்-அவர். பேட்டரி வயதாகி 80 சதவீதம்தான் தாங்கும் நிலையிலும் ஓட வேண்டும் என்றால் 17.6 வாட்-அவர் தேவை. பெட்டிக்குள் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் செல் இருந்தால் 19.2 வாட்-அவர், தாராளம். அதே அளவுப் பெட்டியில் 1.5 ஆம்பியர்-அவர் செல் ஒன்றே ஒன்று இருந்தால் 4.8 வாட்-அவர்தான், புதிதாக இருக்கும்போதே அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். அட்டைப்பெட்டியில் 90 நிமிடம் என்றோ 3 மணி நேரம் என்றோ எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்கள்.

வகைகளில், மலிவான பெட்டிகளில் வரும் சின்ன ஈய-அமில பேட்டரியை நான் பரிந்துரைக்க மாட்டேன், வெப்பத்தில் சீக்கிரம் போய்விடும், 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நினைக்கலாம், ஆனால் மொட்டைமாடிப் படிக்கட்டு அறையும், கண்ணாடிச் சுவர் ஓரமும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் குளிர்ந்த ஊர் இல்லை. நிக்கல்-காட்மியம் வெப்பம் தாங்கும், பழைய நம்பகமான வகை. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் எடை குறைவு, ஆயுள் அதிகம், சாதாரண லித்தியம்-அயனை விடத் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு; புதிதாக வாங்குபவர்களுக்கு என் தேர்வு இதுதான்.

பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, மாற்றுப் பேட்டரி கடையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முழுக்க ஒட்டி மூடிய பெட்டி என்றால் சில வருடங்களில் பெட்டியையே தூக்கிப்போட வேண்டும், யாரும் பட்ஜெட் கொடுக்க மாட்டார்கள், செத்த பேட்டரியோடு சுவரிலேயே தொங்கும்.

ஆறாம் படி: வயரிங்

"அண்ணா, யூபிஎஸ்ஸில் கொடுத்துவிட்டேன், கரண்ட் போனாலும் அணையாது" என்று எலக்ட்ரீஷியன் தம்பி பெருமையாகச் சொல்வார். நல்ல எண்ணம்தான், ஆனால் தவறு. காம்போவுக்குள் இருக்கும் சர்க்யூட், தனக்கு வரும் கரண்ட் நின்றதா என்று பார்த்துத்தான் தலைகளை எரிய வைக்கிறது. யூபிஎஸ் கரண்ட் நிற்கவில்லை என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. நடைபாதை லைட்டின் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாக விழும் பிரேக்கர்) மட்டும் ட்ரிப் ஆகி நடைபாதை இருண்டு கிடக்கும், யூபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும், காம்போ சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தின் சாதாரண லைட் எந்த எம்.சி.பி.யிலிருந்து வருகிறதோ, அதே எம்.சி.பி.யிலிருந்து, ஆனால் ஸ்விட்ச்சுக்கு முன்னால் இருந்து, நேரடி லைன் எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்த எம்.சி.பி. விழுந்தாலும் எரியும், ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் எரியும், யாராவது லைட் ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் வீணாக எரியாது. பிளக்கில் சொருகும் வகை வேண்டாம், போன் சார்ஜர் போடுவதற்காக யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

ஜெனரேட்டர் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்பி லோடு எடுக்கும் வரை இருட்டுதான், தீ பேனல் அறையிலேயே பிடித்தால் ஜெனரேட்டர் ஓடினாலும் மாடிக்கு வராது. இதையே திருப்பிப் போட்டு, பேட்டரி லைட் இருக்கிறது, ஜெனரேட்டர் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. டீசல் ஜெனரேட்டர் இருக்க வேண்டிய கட்டடத்தில் அதற்குப் பதிலாகப் பேட்டரி லைட்டைக் காட்டுவதை விதித்தொகுப்பு ஏற்பதில்லை.

இந்த ஊர் ஆபீஸ்களில் நடக்கும் இன்னொரு விஷயம், கவனியுங்கள். இரவு எல்லோரும் போனதும் செக்யூரிட்டி அண்ணன் மாடியின் டிபியையே, அதாவது எல்லா எம்.சி.பி.யும் இருக்கும் பெட்டியையே, அணைத்துவிடுகிறார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எல்லாக் காம்போவும் எரிகிறது, 90 நிமிடத்தில் பேட்டரி காலி. காலையில் போட்டால் முழுதாக சார்ஜ் ஏற 24 மணி நேரம் வரை ஆகலாம், அதற்குள் மறுபடி இரவு. இப்படியே போனால் அந்தப் பேட்டரி ஒருநாளும் நிறையாது, ஒரு வருடத்தில் செத்துவிடும். தீர்வு எளிது: லைட் எம்.சி.பி.க்களில் "அணைக்கக் கூடாது" என்று கன்னடத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டி, அணைப்பதை ஸ்விட்ச்சோடு நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரி அடிமட்டம் போவதற்கு முன்னால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்பு பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் வாங்கும்போதே கேளுங்கள்.

ஏழாம் படி: பெட்டியின் உறுதி

உள் அறைகளுக்குச் சாதாரணப் பெட்டி போதும். பேஸ்மென்ட் பார்க்கிங், ஹோட்டல் சமையலறை, கழுவும் இடம், மொட்டைமாடி, கடைசிக் கதவுக்கு வெளியே, இங்கெல்லாம் ஐபி 65, அதாவது தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே புகாத வகை. பஞ்சுத் தூசி பறக்கும் கார்மென்ட்ஸ் தளத்துக்கும் அதையே சொல்வேன். பிளாஸ்டிக் தீயை வளர்க்காத வகையாக இருக்க வேண்டும். பெயின்ட், தின்னர், கேஸ் சிலிண்டர் வைக்கும் அறைக்கு இந்தப் பெட்டிகள் எதுவும் கூடாது, அதற்கென்றே தனி ஃப்ளேம்ப்ரூஃப் வகை உண்டு.

எட்டாம் படி: காகிதம், அப்புறம் ஒரே ஒரு சாம்பிள்

பெட்டியிலோ அட்டையிலோ இந்தியத் தர எண்ணும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். எல்.இ.டி. எமர்ஜென்சி லைட் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கிறது, உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் தனிப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்தது என்று தெரியும். பெயர் பொருந்தவில்லை என்றால் கடையை விட்டு நகருங்கள். பில்லில் மாடல் எண், பேட்டரி அளவு இரண்டும் எழுதி வாங்குங்கள்.

மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, ஒரு முழு நாள் சார்ஜ் ஏற்றி, மெயினை நிறுத்தி, கையில் வாட்சோடு உட்காருங்கள். எரிகிறதா என்று பார்ப்பது மட்டும் சோதனை இல்லை. இரவில், இருட்டில், நடைபாதைத் தரையில் லக்ஸ் மீட்டர் வைத்து, முதல் நிமிடம் எவ்வளவு, 90-வது நிமிடம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். விதி கேட்பது கடைசி நிமிடத்திலும் 10 லக்ஸ். மலிவான பெட்டிகள் முதல் பத்து நிமிடம் பளிச்சென்று எரிந்து, அதற்கப்புறம் மங்கி மங்கி, 90-வது நிமிடத்தில் மங்கிய புள்ளியாக நிற்கும், விற்பவர் அதையும் "எரியுதே சார்" என்பார். போனில் இருக்கும் லக்ஸ் ஆப்பை இதற்கு நம்ப வேண்டாம், தனி மீட்டர் வாங்குங்கள், பெரிய விலை இல்லை.

ஒன்பதாம் படி: மாட்டிய பிறகு

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் கொடுத்து, பெட்டியிலும் பிளானிலும் எழுதுங்கள். பேட்டரி போட்ட மாதமும் வருடமும் பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் எழுதுங்கள். ஒரு நோட்டு, ஒரு மாடிக்கு ஒரு பக்கம்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியின் டெஸ்ட் பட்டனையும் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள், அல்லது இன்னும் நல்லது, அந்த லைட் எம்.சி.பி.யை அணைத்துப் பாருங்கள், அப்போது வயரிங்கும் சேர்ந்து சோதிக்கப்படும். வருடம் ஒருமுறை முழு 90 நிமிடம். இந்த வருடாந்திர சோதனையை எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் செய்யாதீர்கள். சோதனை முடிந்த பிறகு சார்ஜ் ஏறும் 24 மணி நேரமும் அந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. ஒற்றைப்படை எண் பெட்டிகள் ஒரு சனிக்கிழமை இரவு, இரட்டைப்படை அடுத்த சனிக்கிழமை இரவு, இடையில் ஞாயிறு சார்ஜ் ஏறட்டும். தானாகவே சோதித்துக்கொண்டு பச்சை, சிவப்பு புள்ளி காட்டும் பெட்டிகள் விலை கூட; ஐம்பது, அறுபது பெட்டிகளுக்கு மேல் இருக்கும் கட்டடத்தில் அந்தக் கூடுதல் விலை கூலியிலேயே திரும்பி வந்துவிடும்.

இன்டீரியர் வேலை நடந்தால், புதுக் கண்ணாடித் தடுப்பு வந்தால், தீபாவளிக்கும் ராஜ்யோத்சவத்துக்கும் தோரணம் கட்டினால், பிளானை எடுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை நடங்கள். பலகைக்கு முன்னால் துணிப்பட்டை தொங்குகிறதா, செடித்தொட்டி வந்ததா, கார்ட்டன் அடுக்கியிருக்கிறதா என்று. 90 நிமிடம் தாங்காத பேட்டரியை அந்த வாரத்துக்குள்ளேயே மாற்றுங்கள், பழையதைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கட்டடத்துக்கு வரும் புதுச் சூப்பர்வைசருக்கும், ஷிஃப்ட் மாறும் செக்யூரிட்டிக்கும் முதல் நாளே எந்த எம்.சி.பி.யைத் தொடக்கூடாது என்று நேரில் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.